கூடாரமும் பனியாறும்



கரும்பலகையில் சுண்ணக்கட்டி கொண்டு இரண்டு கோடுகள் வரைவது எளிய செயல். முதற்கோடு ‘வி’ என்னும் ஆங்கில எழுத்தைப் போன்றது. ஆறு அறுத்த பள்ளத்தாக்கின் வடிவம் அது. இரண்டாவது ‘யு’ என்னும் எழுத்தைப் போன்றது. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கின் வடிவம் அது. என் துணைவியார் ஒரு மகளிர் உயர்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் புவியியல் ஆசிரியையாகப் பணி புரிந்தவர். ஆண்டுதோறும் அவ்விரு கோடுகளையும் தவறாமல் வரைந்தார். முதற்கோட்டுக்குச் சான்று காட்ட நம் மலைகளில் ஆறுகள் பல உண்டு. இரண்டாவதற்குச் சான்று காட்டப் பாடநூலில் அச்சாகியிருந்த மங்கிய படம் ஒன்றே உண்டு. பணி ஓய்வு பெற்ற நாளன்று, மாணவியர் அணிவித்த மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “முப்பத்தோர் ஆண்டுகள் பனியாற்றைப் பற்றிப் பேசினேன், ஒரு பனியாற்றையும் கண்ணால் கண்டதில்லை” என்றார் அவர். வாழ்த்துரைகளின் ஆரவாரத்துக்கு நடுவே அச்சொல் என் காதில் விழுந்தது. அன்றே என் கணக்கில் ஒரு கடன் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடனைத் தீர்க்க 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வாய்ப்புக் கிடைத்தது. இமயமலையில் பனியாறுகள் இல்லையா, அமெரிக்காவுக்கு ஏன் போகவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மகள் அந்நாட்டின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகரில் வாழ்கிறாள். பேரனைப் பார்க்கச் சென்ற எங்களிடம் அவள் தன் காரையும், ஒரு கூடாரத்தையும், இரண்டு உறக்கப் பைகளையும், ஓர் எரிவாயு அடுப்பையும் ஒப்படைத்தாள். “வடக்கே போங்கள், மூன்று தேசியப் பூங்காக்கள் வரிசையாக இருக்கின்றன, கடைசிப் பூங்காவின் பெயரே பனியாற்றுப் பூங்கா” என்றாள். அறுபதைக் கடந்த இருவர் கூடாரத்தில் உறங்குவதா என்று நான் தயங்கினேன். விடுதி வாடகை எவ்வளவு என்று அவள் சொன்னாள். தயக்கம் உடனே தீர்ந்தது.

கூடார வாழ்க்கை என்றதும் காட்டில் மரத்தடியில் முடங்கிக் கிடப்பது என்று எண்ணவேண்டா. பூங்காக்களில் அதற்கென்றே முகாம்கள் அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமன்செய்த சிறு நிலம், கார் நிறுத்த இடம், மரமேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம் ஆகியவை உண்டு. குழாயும் கழிப்பிடமும் பொது. பல மாதங்களுக்கு முன்பே இடத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லையேல் கிடைப்பதரிது. எங்கள் கூடாரத்தை எழுப்ப முதல் நாள் மாலை எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பக்கத்து முகாமிலிருந்து பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து நான் தலைகீழாகப் பொருத்தியிருந்த கம்பிகளை மாற்றிக் கொடுத்தான். கார் ஓட்டுவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அங்கு வலப்பக்கமாக ஓட்டவேண்டும். திருப்பந்தோறும் என் துணைவியார் “வலம், வலம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோயிலைச் சுற்றுவது போல இருந்தது.

முதலிற்சென்றது கிராண்ட் டீட்டன் பூங்கா. பொதுவாகப் பெருமலையை நெருங்கும்போது குன்றுகள் முதலில் வரும், பிறகு சிறு மலைகள், அப்பால் பெருமலை. இங்கு அந்த முறைமை இல்லை. சமவெளியிலிருந்து சுவர் எழுந்தாற்போல மலை நிற்கிறது. நிலம் பிளவுபட்ட கோட்டின் ஒருபுறத்தில் மலைப்பகுதி உயர்ந்துகொண்டே போக, மறுபுறத்தில் பள்ளத்தாக்கு தாழ்ந்துகொண்டே போனதால் விளைந்த தோற்றம் இது. 4,199 மீட்டர் உயரமுள்ள சிகரத்தை அடிமுதல் முடிவரை ஒரே பார்வையில் காணலாம். 1929இல் மலைகளை மட்டும் பூங்காவாக்கினார்கள். பள்ளத்தாக்கில் தனியார் நிலங்கள் இருந்தன. ஜான் ராக்ஃபெல்லர் என்னும் செல்வரின் மகனார், தம் பெயர் வெளியே தெரியாதபடி ஒரு குழுமத்தின் வழியாக நிலங்களைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கி, 1949இல் நாட்டுக்கு அளித்தார். 1950இல் பள்ளத்தாக்கும் பூங்காவோடு சேர்ந்தது.

எங்கள் கூடாரம் ஜென்னி ஏரியின் கரையில் இருந்தது. அதற்கு வடக்கே லே ஏரி என்று மற்றொன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு சிற்றேரி. ஜென்னியும் லேயும் கணவனும் மனைவியும் ஆவர். ரிச்சர்டு லே இங்கிலாந்தில் பிறந்து, நீர்நாய் போன்ற பீவர் என்னும் விலங்கைப் பொறி வைத்துப் பிடித்து அதன் தோலை விற்று வாழ்ந்தவர். ஜென்னி அம்மண்ணின் பழங்குடியினரான ஷோஷோனி இனத்துப் பெண். 1872இல் அரசினர் அனுப்பிய நில ஆய்வுக் குழுவுக்கு லே வழிகாட்டினார். அக்குழுவினர் நன்றியுணர்வோடு இரண்டு ஏரிகளுக்கும் அவ்விருவர் பெயரைச் சூட்டினர். நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1876இல் பெரியம்மை கண்டு ஜென்னியும் குழந்தைகளும் இறந்தனர். லே தனித்து உயிர் பிழைத்தார். இச்செய்தியைப் படித்த பின் இரவில் அந்த ஏரியைப் பார்க்கும்போது எங்களுக்குப் பேச்சு எழவில்லை. கூடாரத்தில் வாழ்ந்து, கூடாரத்திலேயே குழந்தைகளை வளர்த்த ஒரு தம்பதியின் நினைவு அங்கு நீராகத் தேங்கி நிற்கிறது.

அந்த முகாமில்தான் நான் குற்றவாளியானேன். ஒவ்வொரு மேசைக்கும் அருகே கனத்த இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. உணவு மட்டுமன்று, மணமுள்ள எப்பொருளும் அதனுள்ளே இருக்கவேண்டும். சோப்பு, பற்பசை, கழுவாத சட்டி எதுவும் வெளியே இருத்தலாகாது. கரடி மோப்பம் பிடித்து வந்துவிடும். நான் விதிகளைப் படித்தேன். படித்துவிட்டுப் புளியோதரை இருந்த பாத்திரத்தை மேசைமேல் மூடி வைத்துவிட்டு ஏரிக்கரைக்குச் சென்றேன். கால் மணி நேரந்தான். திரும்பி வந்தபோது பாத்திரத்தைக் காணோம். அது கிடந்த இடத்தில் ஒரு தாள் இருந்தது. பூங்காக் காவலர் எடுத்துச் சென்றிருந்தார். அவரிடம் சென்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். இளம்பெண், எங்கள் மகளைவிட வயது குறைவு. அவர் என்னைக் கடிந்து பேசவில்லை. “ஐயா, உங்கள் சோற்றைத் தின்னும் கரடிக்கு அன்று வயிறு நிறையும். மறுநாளும் அது முகாமுக்கு வரும். மூன்றாம் முறை வரும்போது அதைக் கொல்லவேண்டிய கடமை எங்கள் தலையில் விழும்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லுதற்கு என்ன இருக்கிறது? அன்று முதல் பெட்டிக்குப் பொறுப்பு என் துணைவியாருடையது. தேங்காயெண்ணெய்ப் புட்டியையும் அவர் உள்ளே வைத்துப் பூட்டினார். “எண்ணெய் தடவிய தலையை எங்கே வைப்பது?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் காவலரின் சொல்லுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதனை அடுத்த பூங்காவான எல்லோஸ்டோனில் அறிந்தோம். 1872 மார்ச்சு 1ஆம் நாள் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அது அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்குள்ள கொதிநீர் ஊற்றுகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். உலகிலுள்ள இவ்வகை ஊற்றுகளில் பாதியளவு அங்கேயே இருக்கின்றன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓங்கி எழும் பெயர்பெற்ற ஊற்றையும் பார்த்தோம். உடன் பார்த்தவர்கள் ஆயிரவர் இருப்பர். அது நிற்க. அப்பூங்காவைத் தோற்றுவித்தவர்கள் விலங்குகளை நடத்திய முறையே என் உள்ளத்தில் நின்றது. விடுதிகளின் எச்சிற்குப்பையை ஓரிடத்தில் கொட்டி, அதைத் தின்ன வரும் கரடிகளைப் பயணிகள் மாலைதோறும் காணும்படி பலகை வரிசைகள் அமைத்திருந்தார்கள்! சாலையோரத்தில் கரடிகள் கார்களை நிறுத்திப் பிச்சை கேட்டன. கடிபட்டவர்கள் பலர். இப்படியே பல பத்தாண்டுகள் கழிந்தன. இறுதிக் குப்பைமேடு மூடப்பட்டது 1970இல். திடீரென உணவு நின்றுபோகவே கரடிகள் முகாம்களை நாடின, பல கொல்லப்பட்டன. 1975இல் கிரிஸ்லி கரடியை அழியும் நிலையை நெருங்கிய இனமென அரசு அறிவித்தது. பின்னர் வந்த கண்டிப்பின் பயனாக அவை மீண்டும் பெருகின. என் புளியோதரையைப் பறித்த தாள் அந்தக் கண்டிப்பின் ஒரு துண்டு.

ஓநாய்களின் கதையும் இத்தகையதே. மான்களைக் காப்பதாக எண்ணி ஓநாய்களை வேட்டையாடினர். 1926க்குள் பூங்காவில் ஓநாய்க் கூட்டம் இல்லாமற்போயிற்று. எல்க் என்னும் பெருமான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்தன. 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டனர். பெருஞ்செலவில் ஒழித்ததைப் பெருஞ்செலவில் திரும்ப அழைத்தனர் என்று நகைக்கலாம். ஆனால் செய்த பிழையைப் பிழையென எழுதி வைத்து, அதைத் திருத்தவும் முற்பட்டவர்களைப் பார்த்து நகைக்க எனக்கு மனம் வரவில்லை.

பூங்காவின் வடவாயிலில் பெரிய கல்வளைவு ஒன்று நிற்கிறது. 1903இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் அதற்கு அடிக்கல் வைத்தார். மக்களின் நலத்துக்கும் இன்பத்துக்கும் உரியது இவ்விடம் என்னும் கருத்துடைய எழுத்துகள் அதன் நெற்றியில் உள்ளன. எந்த மக்கள் என்னும் வினா அங்கு எழாமற்போகாது. அப்பகுதியில் எரிமலைக் கண்ணாடிப் பாறை ஒன்று உண்டு; அதிலிருந்து அம்பு முனைகள் செதுக்கும் தொழில் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. பூங்கா தோன்றிய ஐந்தாம் ஆண்டான 1877இல், தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்ட நெஸ் பெர்சு மக்கள் படையினருக்கு அஞ்சிப் பெண்டு பிள்ளைகளோடு அவ்வழியே ஓடினர். அப்போது அங்கே இன்பச் சுற்றுலா வந்திருந்த வெள்ளையரும் இருந்தனர். ஒரே காட்டில் ஒரு கூடாரம் இன்பத்துக்காகவும் மற்றொரு கூடாரம் உயிருக்காகவும் அடிக்கப்பட்டன.

அங்கிருந்து வடக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியெல்லாம் பொன்னிறப் புல்வெளி. மேற்கே நீலக் கோடாக மலைத்தொடர். பிளாக்ஃபீட் என்னும் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்தின் ஊடே சாலை செல்கிறது. நாங்கள் தேடிச்சென்ற மலையும் ஒரு காலத்தில் அவர்களுடையதே. 1895இல், வறுமையின் நெருக்கடியில், 15 லட்சம் டாலருக்கு அதனை அரசிடம் விற்றனர். அவ்வுடன்படிக்கையை முடித்த அரசுத் தூதர் மூவருள் ஜார்ஜ் பேர்டு கிரின்னல் என்பவர் ஒருவர். பத்திரிகை ஆசிரியர், இயற்கையில் ஆழ்ந்த பற்றுடையவர், பழங்குடியினரின் நண்பர் எனவும் பெயர் பெற்றவர். 1885இல் அம்மலையில் ஒரு பனியாற்றைத் தொலைவிலிருந்து கண்டு, 1887இல் அதன்மேல் ஏறினார். அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. பூங்கா அமையவேண்டும் என்று இடைவிடாது எழுதியவர்களில் அவர் முதல்வர். 1910இல் அது கிளேசியர் தேசியப் பூங்கா என அமைந்தது. நண்பரின் கையாலேயே அவர்கள் மலையை விற்க நேர்ந்தது என்பதை வரலாறு படிக்கும் மாணவர்கள் மறக்கலாகாது. நல்லவரா தீயவரா என்று ஒரு சொல்லில் விடை கூற இயலாத மனிதர்களே வரலாற்றில் மிகுதி.

செயின்ட் மேரி என்னும் ஏரிக்கு அருகே கூடாரம் அடித்தோம். மறுநாள் ‘சூரியனை நோக்கிச் செல்லும் சாலை’ எனப் பெயர் கொண்ட மலைப்பாதையில் காரை ஓட்டினேன். 1921இல் தொடங்கி 1932 வரை பாறையை வெட்டி அமைத்த 80 கிலோமீட்டர்ச் சாலை. அதன் உச்சி 2,026 மீட்டர். ஒருபுறம் சுவர்போன்ற பாறை, மறுபுறம் பாதாளம். நான் சாலையை மட்டுமே கண்டேன். என் துணைவியார்தாம் எல்லாவற்றையும் கண்டார். “அதோ யு! முழு யு!” என்று கூவினார். அகன்ற அடியும் செங்குத்தான பக்கங்களுமாக ஒரு பள்ளத்தாக்கு கிடந்தது. சற்று அப்பால், “தொங்கு பள்ளத்தாக்கு! அதன் வாயிலிருந்து அருவி விழுகிறது, பாருங்கள்!” என்றார். நான் பார்த்திருந்தால் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். சாலையோரத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, தொலைவில் ஜாக்சன் பனியாறு தெரிவதையும் பார்த்தோம். மலையின் தோளில் ஒரு வெண்திட்டு. “பார்த்தாயிற்றே, கடன் தீர்ந்ததா?” என்றேன். “இதைக் கணக்கில் எழுத முடியாது, பாடநூற் படத்தில்கூட இதைவிடப் பெரிதாக இருந்தது” என்றார்.

அன்று மாலை பூங்காவின் காட்சிக்கூடத்தில் ஒரு செய்தி அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு ஓர் அறிவிப்புப் பலகை இருந்ததாம். 2020ஆம் ஆண்டுக்குள் இங்குள்ள பனியாறுகள் எல்லாம் மறைந்துவிடும் என அதில் எழுதியிருந்தது. பனி மிகுதியாகப் பெய்த சில ஆண்டுகள் இடையே வந்தன, கணிப்புப் பிழைத்தது. 2020ஐ ஒட்டிப் பலகையை மாற்றிவிட்டார்கள். எப்போது மறையும் என்பது மக்கள் எப்போது, எவ்வாறு செயல்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று இப்போது எழுதியிருக்கிறது. இதைக் கேட்டதும் நான் சற்று ஏளனமாக, “ஆகவே அறிஞர் சொன்னது பொய், பனியாறு பத்திரமாக இருக்கிறது” என்றேன்.

என் துணைவியார் வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்தார். “வட்டிக் கடையில் நகையை வைத்தவன் இந்த ஆடியில் மூழ்கிப்போகும் என்கிறான், ஆடியில் மூழ்கவில்லை. அதனால் கடன் இல்லை என்று ஆகுமா? நாளைத்தான் தவறாகச் சொன்னான்” என்றார். பிறகு சுவரில் இருந்த கணக்கைக் காட்டினார். பனி ஆண்டுதோறும் குவிந்து, தன் பாரத்தால் இறுகிக் கட்டியாகி, மெல்ல நகர்ந்தால்தான் அது பனியாறு. நகர்வதற்குப் போதிய பாரம் வேண்டும்; அதனால் பத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பைக் கீழெல்லையாகக் கொள்கிறார்கள். அதற்கும் குறைந்தால் அது அசையாத பனித்திட்டே. 1966இல் அவ்வளவுக்கு மேற்பட்டவை இப்பூங்காவில் 35 இருந்தன, 2015இல் 26. கிரின்னல் பனியாறு 1966இல் 102 ஹெக்டேர். 2015இல் 56 ஹெக்டேர். “பிழையான பலகையை எடுத்துவிட்டுச் சரியான பலகையை மக்கள் கண்முன்னே வைத்தார்களே, அது எவ்வளவு பெரிய செயல்! நம் பாடநூலில் ஒரு பிழை இருந்தது, எழுதி எழுதிக் கேட்டேன், ஒன்பது ஆண்டுகள் நானே மாணவியரை மையால் அடித்துத் திருத்தச் சொன்னேன்” என்று முடித்தார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

கிரின்னல் பனியாற்றுக்குக் கார் போகாது. முக்கால் மணி நேரம் காரில் சென்று, இரண்டு ஏரிகளை இரண்டு படகுகளில் கடந்து, அப்பால் மலைச்சரிவில் நடக்கவேண்டும். போகவர 12 கிலோமீட்டர் அளவில் நடை. ஏற்றம் ஏறத்தாழ 500 மீட்டர். என் துணைவியாருக்கு முழங்கால் வலி உண்டு. பல்லாண்டுகள் வகுப்பில் நின்றதன் ஊதியம் அது. கிளம்பும்போதே இருவருக்கும் அது தெரியும்; இருவரும் அதைப் பேசவில்லை. இடுப்பில் ஆளுக்கொரு தெளிப்பான் கட்டிக்கொண்டோம். கரடி பாய்ந்து வந்தால் முகத்தில் பீய்ச்சுவதற்கு. உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்து. மிளகாயின் இப்பயனை நம் முன்னோர் அறியவில்லை.

பாதை மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்கிறது. கீழே ஓர் ஏரி, பச்சையும் நீலமும் கலந்து, வண்ணம் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தது. பனியாறு பாறையை அரைத்த மாவு நீரில் மிதப்பதால் அந்நிறம் என்றார் துணைவியார். காட்டாடுகள் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. மூன்று மணி நேரத்துக்குப் பின் ஒரு சமதளத்தை அடைந்தோம். அதற்கு மேல் கற்களும் மண்ணும் குவிந்த செங்குத்தான மேடு. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன மொரைன் அது. அதன் மேல் ஏறினால் பனியாறு. அங்கே ஒரு கட்டைமேல் அமர்ந்த துணைவியாரால் எழ இயலவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. கடைசிப் படகு புறப்படும் நேரத்தையும் நான் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

“நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்” என்றார்.

“நான் பார்த்து என்ன சொல்வேன்? சர்க்குக்கும் கிணற்றுக்கும் வேறுபாடு தெரியாதவன் நான்” என்றேன்.

அவர் பேசாதிருந்தார். இறங்கி வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். எதுவும் கேட்காமல் தம் இரண்டு ஊன்றுகோல்களையும் நீட்டினார். கீழே படகுத்துறையில் வைத்துவிட்டால் போதும் என்றார். பதினைந்து அடி வைப்பது, நிற்பது, மீண்டும் பதினைந்து என்று ஏறினோம். எத்தனை முறை நின்றோம் என்பதை எண்ணவில்லை. படகு போனால் போகட்டும் என்று நான் எப்போது முடிவு செய்தேன் என்பதும் நினைவில்லை.

மேட்டின் உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. எதிரே மூன்று பக்கமும் பாறைச் சுவர். நாற்காலியின் சாய்வும் கைகளும் போல. அதன் நடுவே சாம்பல் கலந்த நீல ஏரி. ஏரியில் பனிக்கட்டிகள் மிதந்தன. ஏரிக்கு அப்பால், சுவரின் நிழலில், அழுக்குப் படிந்த வெண்பரப்பு ஒன்று சாய்ந்து கிடந்தது. அதுவே கிரின்னல் பனியாறு. மேலே சுவரின் விளிம்பில் மற்றொரு பனித்திரள் ஒட்டிக்கொண்டிருந்தது. சாலமாண்டர் என்பது அதன் பெயர். முன்னர் இரண்டும் ஒன்றாய் இருந்தவை. 1920களில் முதுமையடைந்த கிரின்னல் தம் மனைவி எலிசபெத்தோடு அப்பனியாற்றின்மேல் இருக்கும் ஒளிப்படம் ஒன்று உண்டு. காட்சிக்கூடத்தில் அறிந்தவற்றை நினைத்துக் கணக்கிட்டபோது, அவர்களைத் தாங்கிய பனியின் பெரும்பகுதி இன்று இந்த ஏரியின் நீர் என்பது விளங்கிற்று.

என் துணைவியார் நெடுநேரம் பேசவில்லை. ஏரிக்கரைக்கு இறங்கி, கரையில் ஒதுங்கியிருந்த ஒரு பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார். அருகிலிருந்த பாறையில் வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல் வளையங்கள் இருந்தன. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னைய கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் படிந்து கல்லான அடையாளங்கள் அவை. அவற்றையும் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கரடிக்கு ஒரு பெட்டி செய்தார்கள். ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதற்கு எந்தப் பெட்டி? இதைக் கரைக்கும் புகை இந்தப் பூங்காவிலா எழுகிறது? நம் ஊர் அனல்மின் நிலையத்திலும் எழுகிறது. நாம் ஏறி வந்த விமானத்திலும் எழுகிறது.” நான் ஓட்டி வந்த காரையும் சேர்த்துக்கொள் என்றேன். “அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்” என்றார். எல்லைக்குள் நடப்பதைக் காவலர் தடுக்கலாம். வெப்பக் காற்றுக்கு எல்லையில் சீட்டு வாங்கவேண்டியதில்லை அல்லவா?

இறங்கினோம். கடைசிப் படகு போய்விட்டது. ஊன்றுகோல்களைத் துறையில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு ஏரிகளின் கரை வழியாகவும் நடந்தே செல்லவேண்டியதாயிற்று. கோடைக்காலமாதலின் வெளிச்சம் நெடுநேரம் இருந்தது. எனினும் காட்டுக்குள் மங்கல். கரடி நடமாடும் வழியில் உரக்கப் பேசிக்கொண்டே நடக்கவேண்டும் என்பது விதி. மனிதர் வருவது முன்பே தெரிந்தால் அது விலகிப் போகும். திடீரென எதிர்ப்பட்டால்தான் வெகுளும். பிறர் கைதட்டினர், பாடினர். எனக்குப் பாட வராது. என் துணைவியார் என் தோளைப் பற்றிக்கொண்டு நொண்டியவாறே, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும் அந்தப் பழைய குரலில் தொடங்கினார்: “பனியாறு என்பது மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள். அது நகரும்போது அடித்தளத்தை அரிக்கிறது, பக்கங்களைத் தேய்க்கிறது...”

ஒரு பாடம் முழுவதையும் நடத்தினார். இடையிடையே வினாவும் உண்டு. “மொரைன் என்றால் என்ன?” என்றார். “உன் முழங்காலைக் கெடுத்த கல்மேடு” என்றேன். அரை மதிப்பெண் கிடைத்தது. ஒரு வளைவில் நான் கேட்டேன்: “அரிக்கிறது, தேய்க்கிறது என்று இன்னும் நிகழ்காலத்தில் சொல்கிறாயே?”

“நகர்கிறதே” என்றார். “நகரும்வரை நிகழ்காலந்தான்.”

கரடி ஒன்றும் வரவில்லை. கார் நின்ற இடத்தை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. காலையில் சுட்ட சப்பாத்தியும் எலுமிச்சை ஊறுகாயும் காருக்குள் பூட்டியபடி இருந்தன. கதவுகளைச் சாத்திக்கொண்டு உண்டோம். உண்டபின் கை துடைத்த தாளையும் அவர் மறவாமல் சுருட்டிப் பையில் இட்டுக் கட்டினார். முகாமுக்குப் போனதும் இரும்புப் பெட்டியில் வைப்பதற்காக.